குஞ்சு பொரித்த அன்றே சேவலா, பெட்டையா? இரண்டு கலப்புகள்

கோழியில் பாலினத்தைத் தீர்மானிக்கும் இசட் குரோமோசோம் பெட்டைக்கு ஒன்றே ஒன்றுதான். அதை அவள் மகன்களுக்கு மட்டுமே தருகிறாள். தூவியின் நிறத்தை வைத்துப் பாலினம் சொல்லும் இரண்டு கலப்புகளும் இதை நம்பித்தான் நடக்கின்றன; அவற்றின் நிற மரபணுக்கள் இசட்டில்தான் இருக்கின்றன. இரண்டிலும் தகப்பன் ரோட் ஐலண்ட் ரெட் என்ற சிவப்பு இனச் சேவலாக இருக்கலாம்.

தாய் பார்டு பிளிமத் ராக் என்ற வரி போட்ட இனம் என்றால், வரி போடும் மரபணு ஆண் குஞ்சுகளுக்கே போகும். எல்லாக் குஞ்சும் கருப்புதான். ஆணுக்குத் தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. பொட்டு சிலவற்றில் மிகச் சிறியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

லைட் சசெக்ஸ் இனத் தாய் தருவது வெள்ளி மரபணு, அதாவது தூவியின் சிவப்பை வெளிறச் செய்யும் மரபணு. ஆண் வெளிர்மஞ்சள், பெண் செம்பழுப்பு. கூடையை எட்டிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் வெள்ளையாக இருக்கும் எல்லாப் பெட்டையும் இதற்கு ஆகிவிடாது. வெள்ளி மரபணு இருந்தாக வேண்டும்.

சரி, ஜோடியை மாற்றிப் போட்டால்? வரிச் சேவலுக்குச் சிவப்புப் பெட்டை சேர்த்தால் எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு வரும், பிரிக்கவே முடியாது. கலப்புக் குஞ்சுகளை வளர்த்துத் தங்களுக்குள் இணைத்தாலும் இதே கதி. அதனால் தாய்க்கூட்டம், தகப்பன்கூட்டம் இரண்டையும் தனித்தனியே தூய்மையாக வைத்திருங்கள்.