வீட்டிலிருந்து தொடங்கிய பட்டப்படிப்பு: முதல் செமஸ்ரர் எப்படி இருந்தது?

2020 ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுத்த எனக்கு கம்பஸ் தொடங்கியது 2022 நடுப்பகுதியில். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற காலம், கரண்ட் வெட்டும் நேரம் பார்த்துத்தான் அம்மா உலை வைப்பா. கொழும்புப் பக்கம் விஞ்ஞானப் பட்டம் கிடைத்தும் முதல் செமஸ்ரர் முழுக்க யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டு விறாந்தையில் ஒன்லைனில்தான் படித்தேன். இப்போது தங்கச்சியின் செட்டும் அப்படித் தொடங்கப் போகிறது, அதுதான் எழுதுகிறேன்.

முதலில் நல்லது. ஏ.எல். வரை தமிழில் படித்துவிட்டு கம்பஸ் போனால் எல்லாம் ஆங்கிலம். முதல் கிழமை கணித விரிவுரையில் பாதி விளங்கவில்லை, ஆனால் ரெக்கோர்டிங் கம்பஸின் பாடத் தளமான எல்எம்எஸ்ஸில் ஏறிவிடும், இரவு கரண்ட் வந்த பிறகு அதை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, தெரியாத சொல்லை சீஆர் கொப்பியின் ஓரத்தில் எழுதி, பக்கத்தில் ரியூசனில் படித்த தமிழ்ச் சொல்லையும் போடுவேன். வெக்டர் என்றால் காவி, மேட்ரிக்ஸ் என்றால் தாயம். எல்லாம் பழகின ஆட்கள்தான், பெயர் மட்டும் வேறு! மண்டபத்தில் இருந்திருந்தால் சேரை நிறுத்தித் திரும்பச் சொல்லுங்கோ என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்? தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைகளுக்கு இந்த ஒன்றுக்காகவே ஒன்லைன் தொடக்கம் நல்லது என்பேன். ஹொஸ்டல், சாப்பாட்டுக் காசு மிச்சம் என்பது தனி.

வரவு விஷயம்தான் கோபம். கரண்ட் போனால் ரவுட்டரும் நின்றுவிடும், போன் டேட்டாவில் ஓடிவந்து சேர்வதற்குள் பெயர் கூப்பிட்டு முடிந்திருக்கும். வகுப்பை முழுக்கக் கேட்டும் வராத கணக்கில் விழுந்த நாட்கள் இருக்கின்றன, கடிதம் எழுதியும் ஒன்றும் மாறவில்லை.

அதைவிடப் பெரிய குறை லாப். இரசாயனத்தில் நியமிப்பை, அதாவது ஒரு கரைசலைத் துளித்துளியாக விட்டு மற்றக் கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனையை, வீடியோவில் காட்டினார்கள். பினோல்ப்தலின் என்ற நிறங்காட்டி போட்ட கரைசல் கடைசித் துளியில் மெல்லிய இளஞ்சிவப்பாக மாறி அப்படியே நிற்க வேண்டும், அதுதான் அந்தச் சோதனையின் உயிர். எங்கள் வீட்டு லைனில் அது வெள்ளையாகத்தான் தெரிந்தது. மற்றவர்கள் சொன்ன வாசிப்பைப் பார்த்து அறிக்கை எழுதினேன்.

அப்புறம் கம்பஸ் போய், துளி விடும் குழாயான பியூரெட்டின் திருகைத் திறந்ததும் ஒரேயடியாக ஊற்றி கரைசல் கடும் ரோசா நிறமாகிவிட்டது. பக்கத்தில் நின்ற காலி ஊர்ப் பெடியன், ஒரு செமஸ்ரராக சூமில் கறுப்புப் பெட்டியும் பெயருமாக மட்டும் நான் கண்டவன், ஒன்றும் பேசாமல் குடுவைக்கு அடியில் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து, திருகை எப்படி மெல்லப் பிடிப்பது என்று காட்டினான். அடுத்த தரம் அந்த நிறம் வந்தது.

ஆகவே தங்கச்சிமாரே, தம்பிமாரே, ஒன்லைனில் தொடங்கப் பயப்பட வேண்டாம், ஆனால் கம்பஸ் போன முதல் கிழமையே செய்முறைகளைத் திரும்பச் செய்ய விடச் சொல்லி பற்ச்சாகச் சேர்ந்து கேளுங்கள். நாங்கள் கேட்ட பிறகுதான் சனிக்கிழமைகளில் லாப் திறந்தார்கள்.