பாலக்காடா, செங்கோட்டையா?

பாடப் புத்தகத்தில் இரண்டும் கணவாய்தான். என்னைக் கேட்டால் செங்கோட்டைதான் கணவாய்; பாலக்காடு, மேற்குத் தொடர்ச்சி மலையே இல்லாமல் போன இடம்.

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டிலும் உச்சி 2,600 மீட்டரைத் தாண்டும். நடுவில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வெட்டவெளி. கோவையில் ரயிலேறினால் மலை ஏறுகிறோம் என்றே தெரியாது. வாளையாறு காட்டில் யானைக்காக வண்டி மெதுவாகும், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் வயல், வரப்பெல்லாம் பனைமரம். கேரளத்துக்குள் வந்துவிட்டோமா என்று சந்தேகமே வரும். சென்னையிலிருந்து பேப்பூருக்கு 1862-லேயே ரயில் போனது இந்த வழியில்தான். அதற்கு வெகு காலம் முன்பே கேரளக் கரையில் இருந்த பழைய துறைமுகமான முசிறிக்கும் கரூருக்கும் இடையே சரக்கு போன வழியும் இதுதான். கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசுகள் கிடைப்பது சும்மா இல்லை.

செங்கோட்டையில் கதையே வேறு. அங்கே மலை விலகவில்லை, கொஞ்சம் குனிந்துகொடுக்கிறது. பகவதிபுரம் தாண்டியதும் குகை. உள்ளே போகும்போது பொட்டல் வெயில். ஆரியங்காவில் வெளியே வந்தால் ஈரக்காற்று, பச்சை. கழுதுருட்டி பக்கம் பதிமூன்று கண் பாலம், சாலையில் போகிறவர்களையும் நின்று பார்க்க வைக்கும். 1904-ல் மீட்டர் கேஜாக வந்த பாதை, அகலப் பாதையாகி முழுதாகத் திறக்க 2018 ஆனது. இன்றும் வண்டி ஊர்ந்துதான் போகும்.

தென்மேற்குப் பருவக்காற்று இரண்டு வழியிலும் நம் பக்கம் வருகிறது. பாலக்காட்டில் நுழைவது பல்லடம், உடுமலை காற்றாலைகளைச் சுற்றுகிறது. செங்கோட்டையில் நுழைவது ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலாக முகத்தில் அடிக்கிறது. இதில் என் ஓட்டு எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை!

ஆனால் சிரிப்பான் என்ற சோலைக்காட்டுப் பறவை என் கட்சி இல்லை. குளிர்ந்த உயரத்தை விட்டு அது இறங்காது. அதனால் நீலகிரியில் ஓர் இனம், ஆனைமலை, பழனி மலைகளில் இன்னொன்று, செங்கோட்டைக்குத் தெற்கே மூன்றாவது என்று பிரிந்துபோயிருக்கிறது. அதற்கு இரண்டு பள்ளமும் ஒன்றுதான்.

சரி, கொச்சியில் அவசர வேலை என்றால் யோசிக்காமல் பாலக்காடு வழியாகப் போங்கள். கொல்லத்துக்கு என்றால் செங்கோட்டை வழி, பகல் வண்டி, ஜன்னலோரம். ராத்திரி வண்டியில் போனால் குகையும் ஒன்றுதான், மலையும் ஒன்றுதான்.