தரங்கம்பாடியில் நாங்கள் தங்கும் வீடு: சில வருஷ அனுபவம்

கடலில் இறங்கிக் குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் தரங்கம்பாடி வேண்டாம். கரையோரம் முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கல் இல்லாத இடத்தில் இழுப்பு அதிகம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முழங்கால் வரைதான் அனுமதி. அப்படியிருந்தும் வருஷா வருஷம் அங்கேயே போகிறோம் என்றால் காரணம் அந்த வீடுதான்.

பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூரில் அறை தேடியபோது கிடைத்த வீடு இது. அபிராமி சந்நிதியில் அறுபதும் எண்பதும் நடக்காத நாளே இல்லை. முகூர்த்த நாளில் அங்கே அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் தரங்கம்பாடி. ஹோட்டலில் மூன்று அறை எடுக்கிற காசுக்கு முழு வீடு. நாட்டு ஓடு, நடுவில் முற்றம், தெருப்பக்கம் திண்ணை, பின்னால் சமையற்கட்டு. கடல் நடக்கிற தூரம்தான், ஆனால் விளம்பரத்தில் சொன்னதுபோல ஜன்னலில் தெரியாது. மொட்டை மாடிக்கு ஏறி எட்டிப் பார்க்க வேண்டும். முதல் முறை இதற்காகக் கோபப்பட்டோம். அப்புறம் புரிந்தது, கடலைப் பார்த்து நிற்கும் வீடுகளில் கதவுக் கீல், மின்விசிறி, ஏசி எல்லாமே சீக்கிரம் துருப்பிடித்துப் போகின்றன. இரண்டு தெரு உள்ளே இருப்பதால் இந்த வீட்டு ஏசி இன்னும் ஓடுகிறது. ஃபிரிட்ஜ் கதவின் அடிப்பக்கம் மட்டும் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் உதிர்ந்திருக்கும்.

பெரிய குறை தண்ணீர். போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. தலைக்கு ஊற்றினால் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். குடிக்கவும் சமைக்கவும் பக்கத்து ஊரான பொறையாறிலிருந்து கேன் வரவழைத்துக் கொள்கிறோம். மளிகை, காய்கறி, மருந்துக் கடைக்கும் பொறையாறுதான். ராத்திரி லேட்டாகப் பசித்தால் ஊருக்குள் எதுவும் கிடைக்காது. பிஸ்கட், பிரட் கையோடு இருக்கட்டும்.

சமையலுக்கு வருகிற அக்காவைச் சொல்லாமல் இருக்க முடியாது. காலையில் கரைக்குப் போய் மீன் வாங்கி வந்து, பதினொரு மணிக்கெல்லாம் குழம்பை இறக்கிவிடுவார். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளி விடுமுறையும் அதே சமயத்தில்தான் வருகிறது. ஒரு மே மாதம் போய் உட்கார்ந்துகொண்டு சங்கரா கேட்டதற்கு, "தடைக்காலத்துல சங்கராவுக்கு நான் எங்க தம்பி போவேன்? ஃபைபர் போட்டுல வர்ற நெத்திலி இருக்கு, சாப்புடுங்க" என்றார். சாப்பிட்டோம். நெத்திலிக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தினமும் நெத்திலி.

சுற்றிப் பார்க்க வண்டியே வேண்டாம் என்பது வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு வசதி. நகர வாசலிலிருந்து நேராக ஒரே தெரு, ராஜ வீதி. நடந்தால் முதலில் 1701இல் கட்டிய சீயோன் ஆலயம், அப்புறம் 1718இன் புதிய எருசலேம் ஆலயம், கடைசியில் கோட்டையும் கடலும். 1706இல் கப்பலில் வந்து இறங்கித் தமிழ் கற்று, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை அந்த இரண்டாவது ஆலயத்துக்குள் இருக்கிறது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா ஒவ்வொரு முறையும் அங்கே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் வருவார்.

டேன்ஸ்போர்க் கோட்டை 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845இல் மொத்தமாகக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். உள்ளே சிறிய அருங்காட்சியகம் உண்டு. நாங்கள் போன ஒரு வெள்ளிக்கிழமை பூட்டியிருந்தது, அதனால் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது. பிள்ளைகளுக்கு அங்கே வைத்திருக்கும் பீங்கானைவிட எதிரே உள்ள மைதானத்தில் கிரிக்கெட்தான் பிடித்திருக்கிறது.

பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. சாயங்காலம் அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. இந்தக் கடற்கரையில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள், நம்ப வேண்டாம். தரைமட்டத்தில் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். அங்கே வீசுவது நல்ல கடற்காற்று, அதுவே போதும்.

வண்டி இருந்தால் வடக்கே பூம்புகார் அரை நாள். சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கோவலன் கதையைச் சுவரில் செதுக்கி வைத்திருப்பதால் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே நடக்கலாம். தெற்கே காரைக்கால். ஆனி மாதம் மாங்கனித் திருவிழா சமயத்தில் போனால் மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள், பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள். நாகூர், வேளாங்கண்ணியையும் அதே நாளில் சேர்த்தால் எல்லோரும் காரிலேயே தூங்கிவிடுகிறார்கள். எங்களுக்கு அது ஒத்துவரவில்லை.

எப்போது போவது? ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும், கரண்டும் போகும். மே மாதம் புழுக்கம், கூடவே நெத்திலி. எங்கள் கணக்கில் பொங்கலுக்குப் பிந்தைய வாரங்கள்தான் சரி. சம்பா அறுவடை நடக்கும். வழியெல்லாம் ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருக்கும், வண்டியை மெதுவாகத்தான் ஓட்ட முடியும்.

ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறையில் இறங்க வேண்டும். தரங்கம்பாடி வரை ஓடிய பாசஞ்சர் 1986இல் நின்றுபோய்விட்டது. மயிலாடுதுறையிலிருந்து பஸ் உண்டு, பெட்டிகள் அதிகமிருந்தால் கார் பேசிக்கொள்ளுங்கள். இந்த வீடு என்றில்லை, அந்த ஊரில் எந்த வீட்டைப் பிடித்தாலும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: இன்வெர்ட்டரில் எத்தனை மின்விசிறி ஓடும், கழிப்பறையில் மேற்கத்திய பாணி எத்தனை. பாட்டியோடு போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.