டிவிடி ஓடலீங்களா? துடைப்பதா, மாற்றுவதா, வெளி டிரைவ் வாங்குவதா

பல்லடம் பக்கம் எங்கள் தறிக்குடோனை ஒட்டிய அறையில்தான் கணினி இருக்கிறது. போன ஐப்பசியில் அண்ணன் கல்யாண டிவிடியைப் போட்டேன். கிர்ரென்று சுற்றி நின்றது, மறுபடி சுற்றியது, கடைசியில் டிஸ்க்கே இல்லை என்றது. இணைச்சீர்ச் சடங்கின்போது அம்மாயி (அம்மாவின் அம்மா) பக்கத்தில் நின்று சேலையை நீவிவிடுவது அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது. அம்மாயி இப்போது இல்லை.

கணினி ரிப்பேர் செய்பவருக்குப் போன் போட்டேன். "வேற டிஸ்க் போட்டுப் பாத்தீங்களா தம்பி? சிடி ஓடுதுங்களா, டிவிடி மட்டும் ஓடலீங்களா?" என்றார். காசு செலவழிக்கும் முன் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒன்று ஓடி மற்றது ஓடாவிட்டால் ஒரு லேசர் தளர்ந்திருக்கலாம். எதுவுமே ஓடாவிட்டால் தூசியைச் சந்தேகிக்கலாம். டிரைவின் பெயரே விண்டோஸில் தெரியாவிட்டால் முதலில் சாட்டா கேபிளையும் (டிரைவிலிருந்து தகவலைக் கணினிக்குக் கொண்டுபோவது) கரண்ட் கேபிளையும் கழற்றி மாட்டுங்கள்.

துடைப்பதுதான் செலவில்லாத வழி. எங்கள் ஊரில் அதற்கு வேலையும் அதிகம், பஞ்சுத் தூசி புகாத இடமில்லை. லேப்டாப் டிரைவில் தட்டை வெளியே இழுத்தாலே லென்ஸ் தெரியும், மிளகு அளவில் நீலம் பாய்ந்த கண்ணாடிப் பொட்டு. என்னுடையது டெஸ்க்டாப் டிரைவ் என்பதால் அடியில் நான்கு திருகாணிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. லென்ஸைச் சுற்றி வெள்ளையாக நூல் துகள் படிந்திருந்தது. காது குடையும் பட்ஸில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு நனைத்து, பூவைத் தொடுகிற மாதிரி தொட்டு எடுத்தேன். அந்த லென்ஸ் மயிரிழைக் கம்பிகளில்தான் தொங்குகிறது, அழுத்தினால் அதோடு போச்சு. கொரோனா காலத்துச் சானிடைசர் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் கண்ணாடியில் படலமாக ஒட்டிக்கொள்ளும். பிரஷ் வைத்த கிளீனர் டிஸ்க் லேசான தூசிக்குப் போதும், எங்கள் ஊர்ப் பஞ்சுக்குப் போதாது.

டிஸ்க்கையும் துடையுங்கள், வட்டமாக அல்ல. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல நடுவிலிருந்து விளிம்புக்கு. தடத்தோடு ஓடும் கீறலைவிடத் தடத்தைக் குறுக்கே வெட்டும் கீறலை டிரைவின் பிழைதிருத்தம் எளிதில் சமாளிக்கும். அடிப்பக்கக் கீறலைவிட, சிடியின் மேல்பக்கக் கீறலுக்கே நான் பயப்படுவேன். பேர் எழுதும் அந்தப் பக்கத்தில் மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே தகவல் இருக்கிறது, அது உரிந்தால் மீட்பே கிடையாது. டிவிடியில் தகவல் 1.2 மில்லிமீட்டர் தடிமனுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது.

துடைத்ததும் பாட்டு சிடிகள் ஓடின, கடையில் வாங்கிய பட டிவிடியும் ஓடியது. கல்யாண டிவிடி மட்டும் பாதியில் நின்றது. ரைட் செய்த டிஸ்க்கில் தகவல் இருப்பது சாயப் படலத்தில், அது வருஷம் ஏற ஏற மங்கும். களைத்த லேசருக்கு அது எட்டவில்லை.

கேபினெட்டுக்குள் புது டிரைவ் போடுவது அடுத்த வழி. டெஸ்க்டாப்பில் ஏற்கெனவே இடமும் சாட்டா கேபிளும் இருந்தால் அரை மணி நேர வேலை, கரண்டும் சீராகக் கிடைக்கும். தினமும் டிஸ்க் போடும் ஸ்டுடியோக்காரர்களுக்கு இதுதான் சரி. லேப்டாப் என்றால் 12.7 மில்லிமீட்டரா 9.5 மில்லிமீட்டரா என்று தடிமன் அளந்து வாங்க வேண்டும், முகப்புத் தகடும் பொருந்த வேண்டும். நான் அதற்குச் சொல்ல மாட்டேன்.

வீட்டில் கிடக்கும் பத்து இருபது டிஸ்க்கை மீட்டெடுப்பதுதான் நோக்கமென்றால் யூஎஸ்பி வெளி டிரைவைத்தான் சொல்வேன். இன்று உங்கள் லேப்டாப், நாளை சித்தப்பா வீட்டு லேப்டாப் என்று எடுத்துப் போகலாம். வேலை முடிந்தால் துணி சுற்றிப் பெட்டியில் வைக்கலாம், பஞ்சு ஏறாது. குறை கரண்டில்தான்: சாதாரண யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர்தான் தரும். டிஸ்க்கைச் சுழற்ற ஆரம்பிக்கும்போது அது போதாமல் டிரைவ் டிக் டிக் என்று திணறும். ஹப்பில் செருகாமல் கேபினெட்டின் பின்பக்கத் துளையில் செருகுங்கள். இரட்டைத் தலைக் கேபிள் வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள்.

எனக்கு அதில்தான் ஓடியது. ஓட்டிப் பார்க்காமல் முதலில் மொத்த ஃபோல்டரையும் ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி போட்டேன், 4 ஜிபிக்கு மேல் இருந்தது. ஓரிடத்தில் நீண்ட நேரம் நின்று, பிறகு நகர்ந்தது. முடிந்ததும் பென் டிரைவில் இன்னொரு பிரதி எடுத்து அம்மாவை அழைத்தேன். அம்மாயி சேலையை நீவிவிடும் இடம் வந்ததும், "நிறுத்து சாமி, மறுபடியும் போடு" என்றார் அம்மா.