பெற்றோல் வரிசையில் ஒரு சனிக்கிழமை: குற்றம் ஆரில?

சிவராத்திரிக்கு லண்டனில் இருந்து ஊருக்குப் போய் வந்தேன். விமானம் பிந்தவில்லை, கட்டுநாயக்காவில் பெட்டி வந்து சேர்ந்தது, யாழ்ப்பாண பஸ்ஸில் ஏசி வேலை செய்தது. கீரிமலைக் கேணியில் ஆற அமரக் குளித்தேன். இதையெல்லாம் ஆர் வாசிக்கப் போகினம்? எழுத வேண்டியது 2025 மார்ச் 1, சனிக்கிழமை, ஒரு பெற்றோல் செற்றுக்கு முன்னால் வெயிலில் நின்ற கதை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் எங்கள் ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்லை. முதலில் தகவல் தந்தது கனடாவில் இருக்கிற மச்சாள். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும், வேலைக்குப் போகிற வழியில் சித்திக்குப் போன் எடுத்திருக்கிறாள். “அங்க எண்ணெய் இல்லையாமெல்லே, நிரப்பி வைச்சியளோ?” சித்திக்கு ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, போனை வைத்த கையோடு மகனைக் கூப்பிட்டா. “டேய், மோட்டச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடு.” அவன் வெளிக்கிட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெடியனும் வெளிக்கிட்டான். டொரொண்டோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருந்து அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்துக்கு எத்தனை அழைப்புகள் போயிருக்குமோ. ஊரின் அவசர அறிவித்தல் சேவையை இப்போது நடத்துவது புலம்பெயர்ந்த நாங்கள்தான், அதுவும் சம்பளம் இல்லாமல்.

விஷயம் இதுதான். எரிபொருள் நிலையக்காரருக்கு இவ்வளவு காலமும் விற்பனையில் 3 சதவீதம் கழிவு (கொமிசன்) கிடைத்து வந்தது. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அதை நிறுத்தி வேறு கணக்கு முறைக்கு மாற்ற வெளிக்கிட்டது. கட்டுபடியாகாது, இனி ஓடர் போடமாட்டோம் என்று விநியோகத்தர் சங்கம் சொன்னது. சொன்ன நாளோ மாதக் கடைசி. மாதம் முடிகிற இரவு விலைத் திருத்தம் வரும் என்பது இலங்கையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். விலை ஏறுமோ என்ற பயமும் எண்ணெய் வருமோ என்ற பயமும் ஒரே இரவில் சேர்ந்தால் சனம் படுத்து நித்திரை கொள்ளுமா?

சனிக்கிழமை நாங்கள் நயினாதீவு அம்மன் கோவிலுக்குப் போவதாக இருந்தது. படகு ஏறுகிற குறிகட்டுவான் வரைக்கும் வான் பேசியிருந்தோம். விடியவே சாரதி எடுத்தார். “அண்ணை, குறை நினைக்காதேங்கோ. டீசல் அரைவாசிதான் கிடக்கு. திங்கக்கிழமை கிட்னி வருத்தக்காரர் ஒராளுக்கு ஆஸ்பத்திரி ஓட்டம் ஒண்டு ஒத்துக்கொண்டிருக்கிறன், அதுக்கு வைச்சிருக்க வேணும்.” லண்டனில் பேசிய வாகனம் வராவிட்டால் காசைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதலாம். இங்கே சிறுநீரக நோயாளி ஒருவரின் திங்கட்கிழமையோடு என் நயினாதீவை எப்படி நிறுத்துப் பார்ப்பது? சரி தம்பி, நீங்கள் வையுங்கோ என்று சொல்லிவிட்டு, வந்த எரிச்சலைச் சித்தியின் ஸ்கூட்டியில் காட்டினேன். முதல் நாள் இரவு நின்றும் கிடைக்காமல் திரும்பிய சித்தியின் மகன் டியூசனுக்குப் போக வேண்டும். வரிசையில் நிற்கிற வேலை லண்டன்காரரின் தலையில் விழுந்தது.

வரிசை செற்றில் தொடங்கிப் பள்ளிக்கூட மதிலைத் தாண்டி வைரவர் கோவிலடி வரை வந்திருந்தது. எல்லோரும் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுக் காலால் உந்திக்கொண்டு வந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கொஞ்ச நேரத்துக்கொரு தரம் தாங்கி மூடியைத் திறந்து, வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டி, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். களக் களக்கென்று நல்ல நிறைந்த சத்தம்.

“ஐயா, உங்களிட்ட இருக்குத்தானே, பிறகேன் நிக்கிறியள்?”

“இருக்கேக்கதான் தம்பி வரவேணும். முடிஞ்சாப் பிறகு உருட்டிக்கொண்டெல்லோ வரவேணும்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. 2021 செப்டெம்பரில் லண்டனில் இதே கூத்தைப் பார்த்தவன் நான். பாரவூர்திச் சாரதிகள் போதாததால் சில நிலையங்களைத் தற்காலிகமாக மூட வேண்டி வரும் என்று பிபி எண்ணெய் நிறுவனம் சொன்னது. அவ்வளவுதான். நாட்டில் எண்ணெய்க்குப் பஞ்சமே இல்லை, சுத்திகரிப்பு நிலையங்களில் தாராளமாக இருந்தது. இரண்டு மூன்று நாளில் பல இடங்களில் பம்புகள் வறண்டு போயின, கைகலப்புகள் நடந்தன, சிலர் தண்ணீர்ப் போத்தலில் அடைத்துக்கொண்டு போனார்கள். ஒக்டோபர் 4 ஆம் திகதி இராணுவச் சாரதிகள் எண்ணெய்ப் பவுசர் ஓட்ட வந்தார்கள். பிரெக்சிட் என்றார்கள் சிலர், கொரோனாக் காலத்தில் நின்றுபோன சாரதிப் பரீட்சைகள் என்றார்கள் சிலர், ஊடகம் என்றார்கள் சிலர். அமைச்சர்களோ முதல் நாளிலிருந்து ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள்: தட்டுப்பாடு இல்லை, வழமைபோல் வாங்குங்கள், பதற வேண்டாம்.

யாழ்ப்பாணத்து வரிசையில் நின்றுகொண்டு கைத்தொலைபேசியில் அதே வசனத்தைத் தமிழில் வாசித்தேன். போதிய கையிருப்பு உண்டு, மக்கள் வீணாகப் பதற்றமடைய வேண்டாம். அரசாங்கம் பொய் சொல்லவில்லை. கொழும்புப் பக்கத்துக் கொலன்னாவை, முத்துராஜவெல களஞ்சியங்களில் எண்ணெய் இருந்திருக்கும். ஓடர் போடமாட்டோம் என்ற சங்கமும் பொய் சொல்லவில்லை. இந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் எங்கள் ஊர்ச் செற்றின் நிலத்தடித் தாங்கி என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் எவ்வளவு கிடக்கிறது, அடுத்த பவுசர் எப்போது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொழும்பில் கிடக்கிற எண்ணெயில் சித்தியின் ஸ்கூட்டி ஓடாது.

இங்கிலாந்துச் சனம் பதறியதற்கும் இந்தச் சனம் பதறுவதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதை வெள்ளைக்கார நண்பர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். என் தெருவில் இருக்கிற ஆங்கிலேயக் கிழவருக்குப் பெற்றோல் இல்லாத நாள் என்றால் 1970களின் ஏதோ ஒரு மங்கலான கதை. எங்கள் சனத்துக்கு அது பழகின பாதை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. பெற்றோல் வராது, டீசல் வராது, பற்றரி வராது. ஏ40 காரும் மொரிஸ் ஒக்ஸ்போட்டும் மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடின. ஸ்டார்ட் எடுக்க மட்டும் காபரேட்டருக்குள் சொட்டுப் பெற்றோல் விடுவோம், அந்தச் சொட்டுப் போத்தலை அப்பா சுவாமி அறைக்குள் வைத்திருந்தார். இரவில் ஜாம் போத்தல் சிக்கன விளக்கு, சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை. இதை வாசிக்கிற பாதிப்பேருக்கு அந்தப் புகை இப்போதும் மூக்கில் ஏறும்.

பிறகு 2022. வருடத் தொடக்கத்தில் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் கடைசியில் 470. டொலர் இல்லை, கப்பல் நின்றாலும் இறக்கக் காசில்லை. மார்ச் மாதத்திலேயே வரிசையில் நின்ற முதியவர்கள் செத்தார்கள். ஜூன் முடிவில் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எண்ணெய் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பு மாதக்கணக்கில் பதவியில் இருந்தவர்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள்? கப்பல் வருகிறது, பதற வேண்டாம். அன்று அதை நம்பி வீட்டில் இருந்தவன்தான் பிறகு வண்டியை உருட்டினான். அறிவித்தலை நம்பாமல் ஓடிப் போனவன் வீட்டில்தான் வண்டி ஓடியது. இப்படிப் பட்டுத் தெளிந்த சனத்தைப் பார்த்து விசர்ச் சனம் என்று கொழும்பிலிருந்து ஒருவர் பேஸ்புக்கில் எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்காகச் சனம் எல்லாம் புனிதர் என்று சொல்ல வரவில்லை. செற்றுக்காரர் ஒரு மோட்டச் சைக்கிளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் அடிக்கவில்லை. 2022 ஏப்ரலில் கூட்டுத்தாபனம் போட்ட எல்லையும் அதேதான், 2025 மார்ச் விலைக்கு மூன்று லீற்றர் சொச்சம். பச்சை ரீசேட் போட்ட ஒருவன் அடித்துக்கொண்டு போய், மதில் மூலையில் நின்ற ஓட்டோவுக்குப் பின்னால் ரியூப்பால் உறிஞ்சிக் கானுக்குள் இறக்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து வரிசையில் செருகினான். இரண்டாந்தரம் வந்தபோது பம்ப் அடிக்கிற பெடியன் கண்டுபிடித்துவிட்டான். “அண்ணை, உங்கட டாங்கில ஓட்டையோ?” சனம் சிரித்தது, ஆனால் ஒருவரும் அவனை வெளியில் இழுத்துவிடவில்லை. அந்தக் கான் இரவில் எந்த ஒழுங்கையில் என்ன விலைக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். தேவைப்பட்டால் தாங்களே வாங்க வேண்டியும் வரலாம் என்ற நினைப்போ என்னவோ.

பதினொரு மணி போல, எனக்கு முன்னால் இன்னும் நாற்பது ஐம்பது பேர் இருக்கிறபோது, முகாமையாளர் வெளியில் வந்து பம்பைச் சுற்றிக் கயிறு கட்டினார். முடிஞ்சுதாம். உடனே கூச்சல். “ஒளிச்சு வைச்சிருக்கிறியள்!” “விலை ஏறுமட்டும் பாக்கிறியளோ!” ஒருவன் கயிற்றை அறுக்கவே போனான். அப்போது, தாங்கியை ஆட்டிக்கொண்டிருந்த அந்தப் பெரியவர் முன்னால் போய் அமைதியாகச் சொன்னார்: “தம்பி, டிப் அடிச்சுக் காட்டும்.”

முகாமையாளர் ஒரு நிமிடம் முழித்தார். பிறகு உள்ளே போய் அளவுக்கோலை எடுத்து வந்தார். ஆளை விட உயரம், நெடுகக் கோடு போட்டிருந்தது. சீலைத் துண்டால் துடைத்தார். நிலத்தில் இருந்த இரும்பு மூடியைக் கிளப்பி மெல்ல இறக்கினார். டொக்கென்று அடி தட்டியது. இழுத்து எடுத்துச் சனத்துக்கு முன்னால் நிறுத்தினார். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஈரம், அதுவும் பார்க்கப் பார்க்கக் காய்ந்துகொண்டிருந்தது. “இதுக்குக் கீழ பம்ப் இழுக்காது ஐயா. வந்து பாருங்கோ.” முன்னால் நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் விரலால் தொட்டு மணந்தார். கூச்சல் அப்படியே அடங்கியது. பாதிப்பேர் வண்டியைத் திருப்பினார்கள்.

இந்தக் காட்சிதான் எனக்கு மறக்கவில்லை. அந்த நாள் முழுதும் சனம் கேட்ட ஒரே நம்பத்தகுந்த செய்தி அந்தக் கோலில் இருந்த ஒரு சாண் ஈரம். அதைக் காலையிலேயே ஒரு கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் என்ன? இத்தனை லீற்றர் கிடக்கு, இத்தனை பேருக்குக் காணும், அடுத்த பவுசர் இத்தனை மணிக்கு. சோக்கட்டி ஒன்று என்ன விலை? 2022இல் எந்தச் செற்றில் எண்ணெய் இருக்கிறது என்று அரசாங்கத்தின் இணையப் பக்கத்திலேயே பார்க்க முடிந்தது. வண்டிக்கு இத்தனை லீற்றர் என்ற கியூஆர் பங்கீடு வந்த பிறகு வரிசைகள் கரைந்ததை உலகமே பார்த்தது. 2023 செப்டெம்பரில் அந்தப் பங்கீட்டை நிறுத்தினார்கள், சரி. செற்றில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் பழக்கத்தையும் சேர்த்து ஏன் நிறுத்த வேண்டும்?

“பவுசர் எப்ப வரும்?” என்று கேட்டேன்.

“வரும் அண்ணை.”

“ஓடர் போட்டாச்சோ?”

“முதலாளியைத்தான் கேக்கவேணும்.”

“முதலாளி எங்க?”

“போன் நிற்பாட்டிக் கிடக்கு.”

இதுதான் நான் சொல்ல வந்தது. முதலாளிமாருக்குப் பவுசர் கணக்கு நன்றாகத் தெரியும். 6,600 லீற்றர் ஒன்றை இறக்கி வைத்திருக்கிறபோது மாதக் கடைசியில் விலை பத்து ரூபாய் இறங்கினால் 66,000 ரூபாய் அவர் கையைக் கடிக்கும். ஏறினால் அவ்வளவும் லாபம். அதனால் இறங்கும் என்று மணந்தால் ஓடர் போடாமல் இருப்பார்கள். 2023இல் இது இவ்வளவு முற்றி, தாங்கியில் பாதியளவாவது வைத்திராத செற்றுகளின் அனுமதியைப் பறிப்போம் என்று அன்றைய அமைச்சர் கஞ்சன விஜேசேகர மிரட்ட வேண்டி வந்தது. மாதம் முழுவதற்குமான விலை மாற்றத்தைச் சேர்த்து வைத்து ஒரே இரவில் அவிழ்த்துவிடுகிற ஏற்பாட்டையும் கேள்வி கேட்க வேண்டும். சின்னச் சின்னதாக அடிக்கடி மாறினால் பதுக்கவும் ஆதாயம் இல்லை, பறக்கவும் தேவை இல்லை. லண்டனில் ஒவ்வொரு நிலையமும் தன் பாட்டுக்குப் பலகையில் விலையை மாற்றுகிறது, நடுச்சாமத்துக்காக ஒருவரும் காத்திருப்பதில்லை.

சனம் எல்லாம் ஒரே நாளில் வந்து நிரப்பினால் எந்தச் செற்றும் தாங்காது என்பது உண்மைதான். வழமையாக அரைத் தாங்கியோடு ஓடுகிற வண்டிகள் எல்லாம் முழுத் தாங்கியாகும்போது நிலத்துக்குக் கீழ் கிடந்த எண்ணெய் வீட்டு விறாந்தைகளுக்கு இடம் மாறிவிடுகிறது. ஆனால் சனத்துக்கு அந்த யோசனையை ஊட்டியது ஆர்? ஓடர் போடமாட்டோம் என்று வெள்ளிக்கிழமை அறிவித்தவரும், போட்டாரா இல்லையா என்று சனிக்கிழமை சொல்லாமல் போனை நிற்பாட்டியவரும், கொழும்புக் கையிருப்பை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தவர்களும்தான். வரிசையில் வந்து நின்ற பெரியவருக்கு நான் ஒரு குற்றமும் சொல்லமாட்டேன். பச்சை ரீசேட்டுக்குச் சொல்லுவேன்.

பின்னேரம் பவுசர் வந்தது. அப்போது நான் வீட்டில் நித்திரை. தம்பி போய் அடித்துக்கொண்டு வந்தான், அரை மணித்தியாலம்கூட ஆகவில்லையாம். அடுத்த கிழமைக்குள் சங்கமும் அரசாங்கமும் பேசி, வரிசைகளும் போய்விட்டன. நயினாதீவுக்கு வேறொரு நாள் போனோம், நல்ல தரிசனம்.

லண்டனுக்குத் திரும்பி வந்து, அதே 2025 ஜூன் 13 ஆம் திகதி இஸ்ரேல் ஈரானை அடித்தது என்று செய்தி. ஹோர்முஸ் நீரிணையை மூடினால் எண்ணெய்க் கப்பல் என்னாகும் என்று இங்கே தொலைக்காட்சியில் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கிழமை ஊரில் திரும்பவும் வரிசை, கையிருப்புப் போதும் என்று திரும்பவும் அறிவித்தல். ஞாயிற்றுக்கிழமை சித்திக்குப் போன் எடுத்து, பதறாதேங்கோ, ஒன்றும் நடக்காது என்று சொன்னேன்.

“நாங்கள் ஏன் பதறுறம்? வெள்ளிக்கிழமையே ஃபுல் அடிச்சிட்டம்” என்றா.