பார்த்தீனியத்துக்கு மருந்து வாங்கப் போறீங்களா? 11,700 ரூபாய் போன கதை

பள்ளிகொண்டா பக்கம் ஒன்றரை ஏக்கர் மேய்ச்சல் நிலம் எனக்கு. ரெண்டு குதிரை, கல்யாண ஊர்வலத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் போகும். மழைக்கு அப்புறம் நிலம் பூரா பார்த்தீனியக் களைச்செடி, வெள்ளை வெள்ளையா பூத்து நிக்குது. பிடுங்கப் போன வீட்டுக்காரிக்கு கழுத்து, முழங்கை எல்லாம் தடிச்சு ரெண்டு ராத்திரி தூக்கமில்ல. அந்தப் பதட்டத்துலதான் போய் மாட்டினேன்.

நெடுஞ்சாலை ஓரம் ஒரு பூச்சிமருந்துக் கடை. பேரு வேணாம். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "புல்லு சாகாதுல்ல?" டீ வாங்கிக் கொடுத்து, கேன் மூடியைத் திறந்து காட்டி, "ணா, இதை அடிச்ச நிலத்துலதான் எங்க வீட்டு மாடே மேயுது. செடி மட்டும்தான் கருகும், நான் பொறுப்பு"ன்னாரு. அந்த "நான் பொறுப்பு"லதான் விழுந்தேன். கேன்ல லேபிளே இல்ல. கேட்டா, மொத்தமா வாங்கிப் பிரிச்சுக் கொடுக்கிறாங்களாம், அதான் விலை கம்மியாம். மருந்து 8,400, அவங்க ஆளே வந்து தெளிச்ச கூலி 3,300. ஆக 11,700. கையில கொடுத்தது தொகை மட்டும் எழுதின துண்டுச்சீட்டு.

பத்தாம் நாள் கொழுக்கட்டைப்புல் மொத்தமும் காஞ்ச வைக்கோல் மாதிரி ஆயிடுச்சு. பார்த்தீனியமும் கருகிச்சு, இல்லைன்னு சொல்லல. ஒரு மழை பெஞ்சதும் வெறும் மண்ணுல முதல்ல முளைச்சது அதே சனியன்தான். புல்லு ஒண்ணும் வரல.

கடைக்குப் போனேன். "தண்ணி கம்மியா கலந்திருப்பீங்க." கலந்ததே உன் ஆளுதான்யா! அடுத்த தடவை "கம்பெனிக்காரர் வந்து பார்ப்பாரு." அதுக்கடுத்து முதலாளி திருப்பதி போயிட்டாரு. இப்போ போனே எடுக்கறதில்ல. பதினோராயிரத்து எழுநூறு, சும்மாவா?

விவரம் தெரிஞ்ச வேளாண் அலுவலர் ஒருத்தர் நிலத்தைப் பார்த்துட்டு, கிளைபோசேட்டா இருக்கும்னாரு. அது இலை வழியா வேருக்கு இறங்கி, புல்லு பூண்டு எதையும் விடாது. புல்லை விட்டுட்டு பார்த்தீனியம் மாதிரி அகல இலைச் செடியை மட்டும் கொல்லணும்னா 2,4-டி மாதிரி வேற மருந்து. இந்த ரெண்டுல எது அடிச்சாலும் மண்ணுல கிடக்கிற விதை சாகாது. ஒரு செடி ஆயிரக்கணக்குல விதை போடுமாம்.

எப்படி ஒழிக்கிறதுன்னு விலாவாரியா எழுதலாம்னுதான் உக்காந்தேன், கோவத்துல கை ஓடல. லேபிள் இல்லாத கேனைத் தொடாதீங்க. மருந்து பேரு, லாட் நம்பரோட பில்லு வாங்காம காசை நீட்டாதீங்க. பூக்கறதுக்கு முன்னாடி, மண்ணு ஈரமா இருக்கும்போது கையுறை போட்டு வேரோட பிடுங்குங்க. வேலி ஓரத்துக்கு மட்டும் லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைச்சு அடிக்கலாம், புல்லு மேல வேணாம். மருந்து அடிச்ச நிலத்துல உடனே மேய விடாதீங்க.

குதிரை ரெண்டும் இப்போ கொட்டகையிலேயே கட்டிக் கிடக்கு, தீவனம் வெலைக்கு வாங்கித்தான் போடறேன். அந்தத் துண்டுச்சீட்டையும் காலி கேனையும் பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன். நாளைக்குக் காலையில கடை திறக்கறப்போ வாசல்ல நிப்பேன்.