எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் கோளாறு: ஸ்கேனர், மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர் – எதை நம்புவது?

பட்டனை அழுத்திப் பூட்டும் எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்கின் விளக்கு மினுமினுக்கிறது. கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் "வலது பின்பக்க மோட்டார்" என்று வருகிறது. உடனே புது மோட்டாருக்கு விலை சொல்லிவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக் காருக்கும் இதுதான் நடந்தது. புது மோட்டார் போட்ட பிறகும் விளக்கு அணையவில்லை. கடைசியில் பச்சை பூத்துப்போன ஒரு கனெக்டர்தான் காரணம் என்று தெரிந்தது. ஸ்கேனர் சொன்னதில் தவறில்லை. அது ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னதாக நாங்கள்தான் எடுத்துக்கொண்டோம்.

ஏன் அப்படி ஆகிறது என்பதற்கு இதன் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2005இல் வந்த ஃபோக்ஸ்வாகன் பஸாட் தொடங்கி இன்றைய பல கார்கள் வரை, பின் சக்கர கேலிப்பர் (பேடுகளை டிஸ்கில் அழுத்தும் பாகம்) ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சிறிய டிசி மோட்டார் உட்கார்ந்திருக்கும். அது பற்சக்கரங்கள் (சிலவற்றில் பெல்ட்டும்) வழியாகப் பிஸ்டனுக்குள் இருக்கும் திருகுத்தண்டைச் சுழற்றும். பிஸ்டன் முன்னே வந்து பேடுகள் டிஸ்கைக் கவ்வும். மோட்டாருக்குப் போவது பொதுவாக இரண்டே ஒயர்கள். எவ்வளவு இறுக்கம் ஏறியது என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை வைத்தே கணிக்கிறது. ஆகவே ஒயர் அறுந்தாலும், மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தாலும், திருகுத்தண்டு துருப்பிடித்து இறுகினாலும் அதன் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: மின்னோட்டம் எதிர்பார்த்தபடி இல்லை.

மலிவான ப்ளூடூத் ஓபிடி கருவியை இந்த வேலைக்கு மறந்துவிடலாம். அது படிப்பது பெரும்பாலும் எஞ்சின் கோளாறுக் குறியீடுகளை. சேஸிஸ் சார்ந்தவை 'சி' எழுத்தில் தொடங்கும், பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும். "கோளாறு ஏதுமில்லை" என்று அது காட்டினால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. அந்தந்த நிறுவனக் கார்களை ஆழமாகப் படிக்கும் ஸ்கேனர்தான் வேண்டும். எந்தப் பக்கம் என்று அது காட்டும், மோட்டாரை இயக்கிப் பார்க்க விடும், பேடு மாற்றும்போது திருகுத்தண்டைப் பின்வாங்க வைக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது.

மல்டிமீட்டர் எல்லோரிடமும் இருக்கிறது, ஆனால் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். மோட்டாரின் மின்தடை மிகக் குறைவு. மீட்டரின் ஒயர்களே அரை ஓம் வரை காட்டும்போது அந்த அளவீட்டை வைத்து என்ன முடிவெடுக்க முடியும்? கனெக்டரைக் கழற்றி வோல்டேஜ் பார்ப்பதும் வீண்: ஒயரின் இருபது இழைகளில் ஒன்றே மிஞ்சியிருந்தாலும் 12 வோல்ட் காட்டும், மோட்டார் சுழலத் தொடங்கியதும் சரிந்துவிடும். கனெக்டர் மாட்டியபடியே, இன்னொருவரை பட்டனை அழுத்தச் சொல்லி அளந்தால் அதே மீட்டர் உண்மையைப் பேசும். பேட்டரியில் 12.4 வோல்ட், மோட்டாரில் 8 என்றால் மீதி வழியில் தொலைகிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது ஒயர் வளைந்து நிமிரும் இடத்தில்தான் முதலில் தேடுங்கள். மோட்டார் மிகக் குறைந்த நேரமே ஓடும் என்பதால் மீட்டரில் மிகக் குறைந்த, மிக அதிக அளவுகளைப் பிடித்து வைக்கும் Min/Max பதிவு இருப்பது நல்லது.

என் தேர்வு, ஒயரைச் சுற்றிப் பிடித்தே மின்னோட்டத்தை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர். எலெக்ட்ரீஷியன்களிடம் இருக்கும் ஏசி மட்டும் அளக்கும் வகை இதற்கு உதவாது. ஒரே ஒயரை மட்டும் சுற்றிப் பிடிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யம் காட்டும். நல்ல மோட்டாரில் தொடக்கத்தில் ஒரு துள்ளல், பிறகு சில ஆம்பியரில் சும்மா ஓட்டம், பேடு தொட்டதும் ஏற்றம், பின் நிறுத்தம். வோல்டேஜ் வந்தும் மின்னோட்டமே இல்லையென்றால் மோட்டாரின் உள்ளே துண்டிப்பு. எடுத்த எடுப்பிலேயே அதிகமாகி நகராமல் நின்றால் எங்கோ இறுகியிருக்கிறது. கடைசிவரை ஏறவே இல்லையென்றால் மோட்டார் சும்மா சுழல்கிறது, பற்சக்கரமோ பெல்ட்டோ போயிருக்கும். கையேடு கூடத் தேவையில்லை, நன்றாக இருக்கும் மறுபக்கச் சக்கரமே அளவுகோல். இரு பக்கமும் சோர்ந்திருந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

இடது மோட்டாரை வலதில் மாட்டிப் பார்க்கும் பழைய வழிக்கு நான் அவ்வளவு ஆதரவு தரமாட்டேன். சில கார்களில் இரண்டும் ஒன்றுபோல இருக்காது. ஆனால் கழற்றுவதில் ஒரு பெரிய பயன் உண்டு. பல கேலிப்பர்களில் இரண்டு திருகுகளை எடுத்தால் மோட்டார் கையோடு வந்துவிடும், பிரேக் ஆயிலைத் தொடவே வேண்டாம். அப்போது திருகுத்தண்டைக் கருவியால் சுற்றிப் பாருங்கள். கரடுமுரடாகவோ இறுக்கமாகவோ இருந்தால் மாற்ற வேண்டியது கேலிப்பரை. இந்தச் சோதனைக்கு முன் மோட்டார் வாங்கவே கூடாது.

மாட்டியிருக்கும் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். சரியான இடத்தில் நிறுத்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்காது, பற்கள் நொறுங்கும். ஜாக்கி போடும் முன் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள், பட்டனை அழுத்தும்போது பேடுகளுக்கு இடையில் யார் விரலும் இருக்கக்கூடாது. வேலை முடிந்ததும் ஸ்கேனரில் அளவமைப்பு (கேலிப்ரேஷன்) செய்து, நாலைந்து முறை பூட்டித் திறந்து, ஒரு சரிவில் நிறுத்திப் பாருங்கள்.